அந்தமானில் கிராண்ட் தேடிய கதை

இந்தத் தீவுகளில் தொண்டு நிறுவனங்களுக்குப் பணம் தேடி வந்த காலம் ஒன்று இருந்ததாம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிந்தைய சில வருடங்கள். நான் அப்போது தமிழ்நாட்டில் இருந்தேன், பழைய ஆட்கள் சொல்லக் கேள்விதான். வெளியிலிருந்து பெரிய அமைப்புகள் வந்தன, வேலை பார்த்தன, திட்டம் முடிந்ததும் கிளம்பிவிட்டன. அவர்களோடு ஓடியாடிய உள்ளூர்ச் சின்ன அமைப்புகளில் சில இன்னும் நிற்கின்றன, வாடகை பாக்கியோடு.

அப்படி ஒன்றை நடத்தும் அக்கா எங்கள் கிளைக்கு வருவார். ராமநாதபுரம் பக்கம், கல்யாணமாகிக் கப்பலேறி வந்தவர். (பெயரைப் போட்டால் திட்டுவார்.) போர்ட் பிளேருக்கு வெளியே பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, பெண்களுக்குத் தையல். 2024 செப்டம்பரில் ஊர் பெயர் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது, ஆனால் ஆட்டோக்காரர் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான். தமிழ், பெங்காலி, ராஞ்சிக்காரர் என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வருவார்கள். இரண்டு டீச்சர், வாடகை, கரண்ட் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு மூன்று லட்சத்துக்குள்தான் செலவு.

"தம்பி, எங்கயாவது கிராண்ட் இருக்கான்னு பாருங்க. அடுத்த மாசம் டீச்சருங்களுக்கு என்ன சொல்றதுன்னே தெரியல" என்றார். கையில் ஒரு கடிதம். வெளிநாட்டுப் பணம் வாங்க எஃப்சிஆர்ஏ பதிவு எடுத்துத் தருகிறேன், நாற்பதாயிரம் கொடுங்கள் என்று ஒரு கன்சல்டன்ட் எழுதியது. வளையலை அடகு வைக்கலாமா என்று கேட்கத்தான் அக்கா உண்மையில் வந்திருந்தார்.

வேண்டாம் என்றேன். கணக்கு ரொம்பச் சுலபம். இந்தப் பதிவு கேட்கும் அமைப்பு மூன்று வருடம் இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் தன் பணிகளுக்கு 15 லட்சமாவது செலவு செய்திருக்க வேண்டும். அக்காவுடையது ஒன்பது லட்சம்கூட வராது. சரி, பதிவு உள்ள பெரிய அமைப்பிடம் வாங்கிக் கொள்ளலாமே? 2020 வரை அது நடந்தது. அந்த வருடச் சட்டத் திருத்தம், வெளிநாட்டு நன்கொடையை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றுவதையே தடை செய்துவிட்டது. நிர்வாகச் செலவு வரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. முதலில் பணம் வந்து சேரும் கணக்கும் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில்தான் இருக்க வேண்டும். தீவில் உட்கார்ந்து இதையெல்லாம் நடத்த அக்காவால் ஆகாது.

வண்டூரில் 'ஏநெட்' என்ற சுற்றுச்சூழல் ஆய்வு மையம் இருக்கிறதே, அது எப்படி இத்தனை வருடம் நின்றது என்று யோசித்தேன். அது தனி அமைப்பாகப் பிறக்கவில்லை. மாமல்லபுரம் பக்கத்து முதலைப் பண்ணை, 1976-ல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கியது, அந்த அறக்கட்டளையின் அந்தமான் கிளையாகத்தான் ஆரம்பித்தது. பிறகு பெங்களூரின் தக்ஷிண் அறக்கட்டளையும் கைகோத்தது. பதிவும் ஆடிட்டும் தாய் வீட்டில், வேலை தீவில். கிளை என்றால் கைமாற்றம் என்ற பேச்சே இல்லை. பெரிய அமைப்பு ஒன்றின் கிளையாகிவிடுங்களேன் என்று அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். "அப்புறம் எங்க பிள்ளைங்க என்ன படிக்கணும்னு சென்னையில முடிவு பண்ணுவாங்க" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அடுத்து கம்பெனிகளின் சிஎஸ்ஆர். 2014 ஏப்ரலில் இருந்து பெரிய கம்பெனிகள் லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஆனால் தாங்கள் தொழில் நடத்தும் பகுதிக்கு முன்னுரிமை கொடுக்கச் சொல்கிறது அதே சட்டம். ஸ்ரீபெரும்புதூருக்குக் கொண்டாட்டம். தொழிற்சாலை இல்லாத தீவு என்ன செய்யும்? (எங்கள் குலரகசியம் ஒன்று: பொதுத்துறை வங்கிகள் கம்பெனிச் சட்டத்தின் கீழ் வருவதில்லை, ஆகவே இந்த இரண்டு சதவீதம் அவற்றுக்குக் கட்டாயமில்லை. முந்தைய வருட லாபத்தில் ஒரு சதவீதம் வரை நன்கொடை தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதித்த வரம்பு.) எம்.பி. தொகுதி நிதி வருடத்துக்கு ஐந்து கோடி, இத்தனை தீவுகளுக்கும் ஒரே எம்.பி. அதிலும் கட்டடம், சாமான் வாங்கலாம், சம்பளம் கொடுக்க முடியாது.

கவனித்தீர்களா? தையல் மெஷின் கொடுக்க ஆள் உண்டு, சொல்லிக் கொடுப்பவருக்குச் சம்பளம் கொடுக்க ஆள் இல்லை. பெயர் எழுதி மாட்டும் பொருள் என்றால் உடனே தருகிறார்கள். டீச்சர் மேல் பெயர் எழுத முடியாதே!

ஆக, கிராண்டை ஓரமாக வைத்துவிட்டு நம் ஆட்களிடம் போனோம். வருமான வரித்துறைப் பதிவுக்கும், நிதி ஆயோக்கின் தர்ப்பண் எண்ணுக்கும் விண்ணப்பித்தோம். நாற்பது பேர் மாதம் 200 ரூபாய், கணக்கிலிருந்து தானாகப் போகிற மாதிரி எழுதிக் கொடுத்தார்கள். வருடத்துக்கு 96,000. 80ஜி என்று நாம் பழகிய வரிச் சலுகை புதிய வரி முறையில் இருப்பவர்களுக்குக் கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். ஒருவரும் பின்வாங்கவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் நண்பர்கள் இதைக் கவனியுங்கள். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால், எந்த நாட்டில் இருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறிவிட்டால், ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டுப் பணம்தான். எஃப்சிஆர்ஏ இல்லாத சின்ன அமைப்பு அதைத் தொட்டால் மாட்டிக்கொள்ளும். அண்ணன் சிங்கப்பூர்க் குடிமகன், தம்பி இன்னும் இந்தியக் குடிமகன் என்றால், தம்பி தன் சொந்தப் பணத்தை அனுப்பலாம். அண்ணன் கொடுத்ததைத் தம்பி பெயரில் அனுப்பும் வேலை வேண்டாம். வாங்குகிற அமைப்பும் பாஸ்போர்ட் நகல் கேட்டு வாங்கி ஃபைலில் வைக்கட்டும். கேட்டால் கோபிக்காதீர்கள்.

இப்போதைக்கு ஒரு டீச்சருக்கு முழுச் சம்பளம், இன்னொருவருக்கு முக்கால். தையல் குழுவுக்காக நபார்டுக்கு எழுதியிருக்கிறோம், பதில் வரவில்லை. அந்த முக்கால் சம்பள டீச்சர் பாலிடெக்னிக் பக்கம் ஒரு கடையில் வேலை கேட்டிருப்பதாகக் காதில் விழுந்தது. அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. அதற்குள் இன்னும் இருபது பேர் பிடிக்க வேண்டும்.