வாக்குமூலமும் தடயமும்

2023 பிப்ரவரி 12 அதிகாலையில் திருவண்ணாமலை நகரிலும் போளூர், கலசபாக்கம் ஊர்களிலுமாக நான்கு ஏ.டி.எம். இயந்திரங்களை அறுத்து, எழுபது லட்ச ரூபாய்க்கும் மேல் அள்ளிச் சென்றனர் கள்வர். தடயம் மிஞ்சாதிருக்கத் தீயும் வைத்தனர். இனி யாரும் பிடிபடப்போவதில்லை என்றே ஊரில் பேசிக்கொண்டோம். ஆனால் சாலையோர ஒளிப்பதிவுகளையும் கோலார் தங்கவயலில் அவர்கள் தங்கிய விடுதியையும் பற்றிக்கொண்டு சென்ற காவலர், ஒரு வாரத்திற்குள் அரியானாவில் சிலரைக் கைது செய்தனர். குற்றவாளி வாய் திறக்குமுன்பே தடயங்கள் பேசிவிட்டன.

இந்நிலைக்கு வர நெடுங்காலமாயிற்று. சென்னை மாகாணத்தில் வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்யவும் மக்கள் வதைக்கப்பட்டதை ஆராய்ந்த ஆணையம் 1855இல் அறிக்கை தந்தது. விரல்களை மரக்கட்டைகளுக்கிடையே வைத்து நெரிக்கும் ‘கிட்டி’ அதில் இடம்பெற்றுள்ளது. காவலரிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் குற்றத்தை மெய்ப்பிக்கச் செல்லாது என்று 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் விதித்தது. 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு அமைந்தது. பின்னர் மரபணுச் சோதனையும் வந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டமோ, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியலார் நிகழ்விடம் செல்லவேண்டும் என்கிறது. இதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசமும் தந்திருக்கிறது.

எனினும் 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார், பக்தர் ஒருவரின் நகை காணாமற்போன புகாரில் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். வயது இருபத்தேழு. உடற்கூற்றாய்வில் நாற்பதுக்கும் மேற்பட்ட காயங்கள். காவலர் ஐவர் கைதாயினர். வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குச் சென்றது. அவர் தாக்கப்படுவதை எவரோ மறைந்திருந்து கைப்பேசியில் படம்பிடித்ததால்தான் நாடு அறிந்தது.

அரியானா வரை தடம் தேடிச் செல்லத் தெரிந்த துறைக்கு, ஒரு மகிழுந்தில் வைத்திருந்த நகையைத் தேட வழி தெரியாதா? தெரியும். ஆயினும் ஏழைக் காவலாளியிடம் அடி விரைவானது, செலவில்லாதது, கேட்பாரும் இல்லை. கருவி மாறிய அளவுக்கு இந்தக் கணக்கு மாறவில்லை.

இதைச் சொல்லும்போது நம் வீட்டையும் பார்க்கவேண்டும். 1252இல் திருத்தந்தை நான்காம் இன்னொசென்ட், தப்பறையாளரை வதைத்து விசாரிக்க இசைவளித்தார். உரோமைச் சட்டத்தின் அக்கொடுமையைத் திருச்சபையின் மேய்ப்பர்களே ஏற்றிருந்ததை 1992ஆம் ஆண்டு மறைக்கல்வி நூல் ஒப்புக்கொள்கிறது. அச்சுறுத்திப் பெறும் ஒப்புதல் எத்தகையது என்பதை ஒப்புரவு அருட்சாதனத்தில் முழந்தாளிடும் நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

எங்கள் பங்கில் விசுவாசிகள் மன்றாட்டில் சிறைப்பட்டோரை நினைவுகூர்வது வழக்கம். விசாரணைக்கென்று அழைத்துச் செல்லப்பட்டு வீடு திரும்பாதோரையும் அதில் சேர்க்கலாமா என்று பங்குத்தந்தையிடம் கேட்டிருக்கிறேன்.