வீடில்லாத பிள்ளைக்குக் கொப்பி மட்டும் போதாது



புது வருட வகுப்பு தொடங்கும்போது ஊரில் கொப்பியும் பையும் சப்பாத்தும் கொடுக்கிறோம். கொடுப்பவர்களுக்கு அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். ஆனால் ஒரு ஆசிரியையாக நான் பார்ப்பது இதுதான்: சொந்த வீடில்லாத பிள்ளைகள் படிப்பை விடுவது கொப்பி இல்லாததால் மட்டுமல்ல.

தெருவில் படுப்பவர்களை மட்டும் சொல்லவில்லை. வாடகை கட்ட முடியாமல் அடிக்கடி வீடு மாறும் குடும்பம், சாச்சி வீட்டு விறாந்தையில் ஐந்து பேராகப் படுக்கும் குடும்பம், இவர்களுக்கும் வீடில்லைதான். வெட்கத்தில் வெளியே சொல்ல மாட்டார்கள். பிள்ளையோ வகுப்பில் தூங்கும். வீட்டு வேலை செய்திருக்காது. கேட்டால் தலையைக் குனியும்.

ஊர் மாறினால் புதுப் பாடசாலையில் சேர்க்கக் கடதாசிகள் வேண்டும். வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்காது. கரண்ட் பில் வீட்டுக்காரர் பெயரில். பழைய பாடசாலையின் விடுகைப் பத்திரத்தை எடுக்க பஸ் காசு இல்லை. இரண்டு தரம் அலைந்த உம்மா மூன்றாம் தரம் போக மாட்டார். மகன் கடையில் வேலைக்கு நிற்பான். மகள் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருப்பாள். 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பது இந்த நாட்டின் சட்டம்.

புத்தளத்து மக்களுக்கு இது புதிதல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களில் பெரும் பகுதியினர் இங்கேதான் வந்தார்கள். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். உறுதிப்பத்திரத்தையும் சான்றிதழையும் தேடி எடுக்க யாருக்கு நேரம் இருந்தது? அந்தப் பிள்ளைகளுக்காக மாலை நேர வகுப்புகள் நடந்தன, ஓலைக் கொட்டில்களில் பாடசாலைகள் எழுந்தன. அப்படிப் படித்தவர்கள் பலர் இன்று ஆசிரியர்கள், உத்தியோகத்தர்கள். அன்று ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு இடம் கொடுத்த ஊருக்கு, இன்று ஒரு பிள்ளைக்கு இடம் கொடுப்பது பாரமா?

ஆகவே மூன்று விடயம் கேட்கிறேன்.

ஒன்று, கடதாசி வேலைக்குக் கூடப் போங்கள். கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்துக்கும் அந்த உம்மாவோடு ஒருவர் போனாலே பாதி வேலை முடியும். படிப்பை விட்ட பிள்ளை என்றால் வலயக் கல்வி அலுவலகத்தின் முறைசாராக் கல்விப் பிரிவுக்குச் சொல்லுங்கள்.

இரண்டு, மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் பள்ளிவாசல் மண்டபத்தில் லைட்டும் ஃபேனும் இருக்கின்றன. ஒரு பாயும் நாலு மேசையும் போட்டால் இருந்து படிக்க இடமில்லாத பிள்ளைகள் வருவார்கள். பெண் பிள்ளைகளுக்கு மத்ரஸாக் கட்டடம் இருக்கிறது. நிர்வாகிகள் இதைப் பேச வேண்டும்.

மூன்று, உதவி கொடுக்கும்போது பிள்ளையைப் படம் எடுத்துப் போடாதீர்கள். அடுத்த நாள் அந்தப் பிள்ளை வகுப்பில் மற்றவர்கள் முன்னால் இருக்க வேண்டும். அந்த வெட்கத்திலேயே பாடசாலைக்கு வராமல் விடும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

உங்கள் ஒழுங்கையில் பாடசாலை நேரத்தில் கடையில் நிற்கும் பிள்ளை யாராவது இருந்தால், பெயரை இங்கே போடாமல் இன்பொக்ஸில் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், நானும் கூட வருகிறேன்.