அவிநாசி சாலையில் அப்பாவுடன்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

கோயம்புத்தூருக்குப் போகிறவர்கள் மருதமலை முருகனைத் தரிசிப்பார்கள். சிறுவாணித் தண்ணீரைப் புகழ்ந்துவிட்டுத் திரும்புவார்கள். என் தந்தைக்கோ கோவை என்றால் ஒரே ஒரு மனிதர்தாம். அவர் ஜி. டி. நாயுடு.

சிங்கப்பெருமாள் கோவிலில், பெருஞ்சாலையோரம், இரு சக்கர வண்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார் அப்பா. புது வண்டி வாங்கியவர்கள் பாடலாத்ரி நரசிம்மரை வணங்கி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கிப் புறப்படுவார்கள். நரசிம்மரின் காவலையும் மீறிய கோளாறுகள் எங்களிடம் வரும். அங்கே ஸ்பானர் எடுத்துக் கொடுக்க வரும் பையன்களுக்கெல்லாம் அப்பா சொல்லும் கதை ஒன்றுதான். காலங்கல் என்னும் சிற்றூரில் 1893-இல் பிறந்து, பள்ளிக்கூடம் பிடிக்காமல் வளர்ந்த ஒருவர், வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, ஓட்டலில் பரிமாறிக் காசு சேர்த்து, அந்த வண்டியையே விலைக்கு வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மீண்டும் பூட்டிய கதை. "பிரிக்கிறது பெருசில்லடா. பூட்டினப்புறம் ஒரு நட்டும் மிஞ்சக் கூடாது" என்று முடிப்பார்.

சென்ற தை மாதம் சித்தி மகள் திருமணம் கோவையில் நடந்தது. பந்தி முடிந்ததும் முடியாததுமாக அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு பேருந்து ஏறிவிட்டார். அவிநாசி சாலையின் மேலே பத்துக் கிலோமீட்டர் நீளத்துக்கு மேம்பாலம் ஓடுகிறது. 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட அதற்கும் அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். கீழே, சாலையை ஒட்டியே இருக்கிறது அவருடைய அருங்காட்சியகம்.

உலர் மின்கலத்தில் ஓடும் 'ரேசண்ட்' சவரக் கருவி, வாக்குப் பதிவு இயந்திரம் என்று அவர் கை வைக்காத துறை இல்லை. (1936 தேர்தலில் நின்று தோற்றவர் அவர். வாக்கு இயந்திரத்தின் முன் நின்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அப்பாவுக்கு வரவில்லை.) 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து விட்டவர், 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின் மோட்டார் செய்தார். 1941-இல் ஐந்து வால்வு ரேடியோவை எழுபது ரூபாய்க்குத் தர முடியும் என்றார். 1952-இல் இருவர் அமரும் கார் ஒன்றை 2,000 ரூபாய் விலைக்கு உருவாக்கினார். அரசு உரிமம் தராததால் அது நின்றுபோயிற்று.

இன்ன நேரத்தில் இன்னது செய்வார் என்று யாராலும் கணிக்க முடியாத மனிதர். அரசின் வரிக் கொள்கைமேல் கோபம் வந்தபோது, தாம் உருவாக்கிய பொருள்களையே பொதுமக்கள் முன்னிலையில் போட்டு உடைத்தவர். இதைச் சொன்னதும் அப்பாவின் முகம் சுருங்கியது. "கோவம் நாயந்தான். சாமான் என்னா பண்ணுச்சு?" என்றார். எனக்கும் அதே எண்ணம்தான்.

ஆனால் என்னைத் தொட்ட செய்தி வேறு. 1945-இல், அன்றைய ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் கோவையில் பொறியியல் கல்லூரி அமைய நாயுடு துணை நின்றார், முதல்வராகவும் இருந்தார். பொறியியலுக்கு நான்கு ஆண்டுகள் வீண், இரண்டே போதும் என்பது அவர் கட்சி. அரசு ஏற்கவில்லை. பதவியை விட்டு வெளியேறிவிட்டார்.

அப்பா இதை இரண்டு முறை சொல்லச் சொன்னார். பிறகு, "அப்ப உன்ன மூணு வருசம் ஒக்கார வெச்சிருக்கறது?" என்றார் மெதுவாக.

எங்கள் குடும்பத்தில் பட்டப் படிப்புக்கு வந்த முதல் ஆள் நான். ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகும் பேருந்துகள் எங்கள் பட்டறை வழியாகத்தான் திரும்புகின்றன. ஐ.டி.ஐ. முடித்த என் வயதுப் பையன்கள் அவற்றில் வேலைக்குப் போவதை அப்பா தினமும் பார்க்கிறார். பையனுக்கு எதற்கு இந்தப் படிப்பு என்று கேட்கும் உறவினர்களுக்கு இத்தனை நாள் பதில் சொல்லிவந்தவர் அவர். இப்போது அவருடைய தெய்வமே எதிர்க்கட்சியில் நிற்கிறது!

"அவருக்கு ஊர்ல தோட்டம் இருந்துச்சுப்பா. பள்ளிக்கூடம் வேணான்னு அவரா வந்தாரு. நீ ஓடியா வந்த? அஞ்சாவதோட உன்ன நிறுத்திட்டாங்க" என்றேன்.

அப்பா பேசவில்லை. படிப்பைத் தூக்கியெறிந்த மேதைகளைப் புகழ்வோர் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை என்பது என் கருத்து. நாயுடுவும் கல்வியை வெறுத்தவர் அல்லர். காலம் வீணாவதைத்தான் வெறுத்தார். வெறுத்திருந்தால் கல்லூரிக்கு ஏன் பாடுபட வேண்டும்? அந்தக் கல்லூரி பின்னர் தடாகம் சாலைக்குப் போய், இன்று அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக இருக்கிறது. பழைய இடத்துப் பேருந்து நிறுத்தத்துக்கு மட்டும் 'ஹோப் காலேஜ்' என்ற பெயர் நின்றுவிட்டது. திரும்பும்போது அந்தப் பெயரைக் காட்டினேன். அப்பா தலையாட்டினார், ஒப்புக்கொண்டாரா என்று தெரியவில்லை.

இரவு சேரன் எக்ஸ்பிரஸில், திருப்பூர் தாண்டிய பிறகுதான் வாய் திறந்தார். "அந்த சவர மெஷின்ல மோட்டார அவ்ளோ சின்னதா எப்பட்றா வெச்சாரு?"

திருமண அழைப்பிதழின் உறையில் ஆர்மேச்சரையும் கம்யூட்டேட்டரையும் வரைந்தேன். "இதாண்டா செல்ஃப் மோட்டார்ல கார்பன் தேஞ்சு கறுத்துப்போற எடம்" என்று உடனே விரல் வைத்தார். இருபத்தைந்து ஆண்டுகளாக எமரித்தாள் போட்டு அவர் சுத்தம் செய்யும் இடம் அது. "ஆனா அது எதுக்கு துண்டு துண்டா இருக்குது?"

பாதிச் சுற்றுக்கு ஒரு முறை சுருளில் மின்னோட்டத்தின் திசை மாறாவிட்டால், அது முன்னும் பின்னும் ஆடி நின்றுவிடும் என்று விளக்கினேன். வகுப்பில் எங்களுக்குச் சொல்லித் தந்தபடியேதான். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். உறையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அப்போது டிக்கெட் பரிசோதகர் வந்தார்.