மூட்டைக்குள் என்ன இருக்கு, சார்?

பெல்லட் என்றதும் ஏர்-கன்னில் போடுகிற ஈய ரவை ஞாபகத்துக்கு வந்தால், அதைத் தூரப் போடுங்கள். நான் சொல்வது விறகு பெல்லட். பென்சில் பருமன், சுண்டுவிரலில் பாதி நீளம், வெளிர் பழுப்பு நிறம். கையில் அள்ளிப் பார்த்தால் மாட்டுத் தீவனம் மாதிரியே இருக்கும். முதல் தடவை என் வீட்டு கராஜில் 50 மூட்டை இறங்கியதைப் பார்த்துவிட்டு, ஊரிலிருந்து வந்திருந்த மாமனார், "மாப்ளே, மாட்டை எங்க கட்டியிருக்கீங்க?" என்று சீரியஸாகக் கேட்டார்.

மாடு இல்லை, அடுப்பு. நான் இருக்கும் நியூ ஹாம்ப்ஷயரில் அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை வீட்டைச் சூடாக்கியே ஆகவேண்டும். ஜனவரி ராத்திரிகளில் மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் என்பதெல்லாம் இங்கே செய்தியே இல்லை. ஆயில், கேஸ், கரண்ட், விறகு என்று தெருவில் ஆளுக்கொரு கட்சி. நான் பெல்லட் கட்சி.

நம் ஊரில் மரத்தூள் அடுப்பு பார்த்திருப்பீர்கள். தகர டின்னுக்கு நடுவே ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளைப் போட்டுக் கெட்டித்து, பாட்டிலை மெல்ல உருவினால் அடுப்பு ரெடி. அமெரிக்காக்காரன் அதே மரத்தூளைக் காயவைத்து, முறுக்கு அச்சு மாதிரி ஓட்டை போட்ட இரும்பு அச்சில் அழுத்திப் பிழிகிறான். அந்தச் சூட்டில் மரத்துக்குள்ளேயே இருக்கும் லிக்னின் இளகி, ஆறியதும் கோந்து மாதிரி இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. பசை சேர்க்க வேண்டியதில்லை. இதற்கான வீட்டு அடுப்பு வாஷிங்டன் மாநிலத்துப் பக்கம் 1980-களில் கடைக்கு வந்தது. மேலே ஒரு தொட்டி, அடியில் மோட்டாரில் சுற்றும் ஒரு திருகு, முன்னால் கண்ணாடிக் கதவு, உள்ளே ஓர் எரிகிண்ணம். குழந்தைக்குப் பருப்பு சாதம் ஊட்டுகிற மாதிரி, திருகு கொஞ்சம் கொஞ்சமாகப் பெல்லட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். தொட்டியை நிரப்பிவிட்டு நீங்கள் தூங்கலாம்.

தூங்க முடிகிறதா என்பதுதான் கேள்வி.

ஒரு மூட்டை 40 பவுண்டு, அதாவது 18 கிலோ. 50 மூட்டை ஒரு டன். எங்கள் வீட்டுக்கு ஒரு குளிர்காலத்துக்கு 3 டன் ஆகிறது. 150 மூட்டையையும் தூக்குவது அடியேன்தான். ஜிம்முக்குக் கட்டுகிற பணம் மிச்சம் என்று பார்த்தால், பெல்லட்டுக்கே சுமார் ஆயிரம் டாலர் போய்விடுகிறது. ஆயிரம் டாலர் கொடுக்கிறவனுக்கு என்ன வேண்டும்? உலகத்திலேயே உயர்ந்த பெல்லட்டா? இல்லை சார். போன மூட்டை எப்படி இருந்ததோ, அடுத்த மூட்டையும் அப்படியே இருக்கணும். அவ்வளவுதான்.

அரிசி வாங்குகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். அதே பொன்னி, அதே கடை, சாக்கில் அதே படம். போன மாசம் பொலபொல, இந்த மாசம் கஞ்சி. அக்டோபரில் வாங்கிய மூட்டை மஞ்சளாக, சுறுசுறுப்பாக எரியும். அதே பெயரில் ஜனவரியில் வாங்கியதைப் போட்டால் ஆரஞ்சு நிறத்தில் சோம்பேறிச் சுடர். சாயங்காலத்துக்குள் கண்ணாடி கரி பூசிக்கொள்ளும். எரிகிண்ணத்தின் அடியில் கொல்லன் உலையில் வருகிற மாதிரி கிட்டம் கட்டியிருக்கும். மரப்பட்டையும் மணலும் கலந்து வந்தால், அதிலுள்ள சிலிக்காவும் உப்புகளும் உருகி இப்படி இறுகிவிடும். கிட்டம் காற்று ஓட்டைகளை அடைத்தால் நெருப்புக்கு மூச்சு முட்டும். ராத்திரி 2 மணிக்கு அடுப்பு தானே அணைந்துகொள்ளும்.

அந்த 2 மணி சாதாரண மணி இல்லை. வெளியே மைனஸ் 20. தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்தால், பெல்லட்டில் மிச்சம் பிடித்தது முழுக்க பிளம்பருக்கு. குழந்தைக்கு இன்னொரு கம்பளியைப் போர்த்திவிட்டு, ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் மாட்டி, ஸ்க்ரூ டிரைவரால் கிட்டத்தைச் சுரண்டிக்கொண்டிருக்கும்போது மாடியிலிருந்து குரல் வரும்: "என்னங்க, அதே கம்பெனின்னுதானே சொன்னீங்க?"

அதே கம்பெனிதான். ஆனால் ஒரே பெயரில் இரண்டு மூன்று ஆலைகளிலிருந்து சரக்கு வரலாம். போன வருஷம் ஓக் மரத்தூள் கிடைத்திருக்கும், இந்த வருஷம் வேறு ஏதோ. எனக்கு அதில் ஆட்சேபணை கிடையாது. எந்த ஆலை, எந்தத் தேதி, என்ன மரம் என்று மூட்டையில் அச்சடித்துவிடுங்களேன்! பத்து ரூபாய் பிஸ்கெட் பாக்கெட்டில் தேதி போடுகிறான். நான் வாங்கிய 18 கிலோ மூட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டேன். மலை இருக்கிறது, மரம் இருக்கிறது, தேதி மட்டும் காணோம். ஐரோப்பாவில் 2010-ல் தொடங்கிய ஈஎன்பிளஸ் முத்திரையில் தயாரிப்பாளருக்கு ஓர் அடையாள எண் உண்டு. தகராறு என்றால் யார் சட்டையைப் பிடிப்பது என்று தெரியும்.

அடுத்தது சாம்பல். அமெரிக்காவில் 'பிரீமியம்' தரம் என்றால் சாம்பல் 1 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். ஐரோப்பாவின் ஏ1 தரத்துக்கு 0.7. இந்தப் புள்ளிக்கணக்கில் என்ன பெரிய வித்தியாசம் என்பீர்கள். 3 டன்னில் 1 சதவீதம் என்றால் 27 கிலோ சாம்பல். அரை சதவீதம் என்றால் பதின்மூன்றரை கிலோ. அள்ளிக் கொட்டுகிறவனைக் கேளுங்கள், சொல்வான். அதனால் "1-க்குக் கீழே" என்று மழுப்பாமல், இந்தத் தயாரிப்பில் இத்தனை என்று நம்பரைப் போட்டால் என்ன குறைந்துவிடும்?

தூள் விஷயத்துக்கு வருகிறேன். ஆலையை விட்டுக் கிளம்பும்போது உதிர்ந்த தூள் அரை சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பிரீமியம் விதி. ஒரு மூட்டைக்கு 90 கிராம். போன டிசம்பரில் என் மனைவி கேக்குக்கு மைதா அளக்கிற தராசை எடுத்து, அவளுடைய சல்லடையையும் எடுத்து, ஒரு மூட்டையைச் சலித்துப் பார்த்தேன். 410 கிராம்! (சல்லடைக்காக வாங்கிய திட்டு தனிக்கணக்கு.) தூள் சேர்ந்தால் திருகு திணறும், தொட்டியின் மூலைகளில் படிந்து பெல்லட் இறங்காமல் தடுக்கும். கம்பெனியைக் கேட்டால், "நாங்க நல்லாத்தான் அனுப்பினோம், லாரியில உடைஞ்சிருக்கும்" என்பார்கள். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் லாரியில் ஏற்றாமல் எந்தப் பெல்லட்டும் என் வீட்டுக்கு வராதே? 500 கிராம் பெல்லட்டை ஒரு பெட்டியில் போட்டு 500 சுற்று உருட்டி, எவ்வளவு உடையாமல் தேறுகிறது என்று பார்க்கும் சோதனை இருக்கிறது. ஐரோப்பாவில் ஏ1-க்கு 98 சதவீதம் தேற வேண்டும். இங்கே பிரீமியத்துக்கு 96.5 போதும். அந்த ஒன்றரை சதவீதம்தான் என் சல்லடையில் விழுந்தது என்பது என் சந்தேகம்.

நீளமும் ஒரு சமாசாரம். ஒன்றரை அங்குலத்துக்கு மேல் நீண்ட பெல்லட்டுகள் தொட்டியின் வாயில் குறுக்கே விழுந்து பாலம் கட்டிக்கொள்ளும். மேலே முழுத் தொட்டி, கீழே பட்டினி. நெருப்பு அணைந்துவிடும்.

மூட்டையைப் பற்றி நிறையச் சொல்லலாம், சுருக்கமாகச் சொல்கிறேன். அடுக்கும்போது காற்று வெளியேற பிளாஸ்டிக்கில் ஊசி ஓட்டைகள் போடுகிறார்கள். காற்று வெளியே போகிற வழியில் மழைத் தண்ணீர் உள்ளே வருகிறது. நனைந்த பெல்லட் ரவா உப்புமா பதத்துக்கு ஊதி, பழையபடி மரத்தூளாகிவிடும். கெட்டிப் பிளாஸ்டிக் போடுங்கள் ஐயா, மூட்டைக்கு ஒரு கால் டாலர் கூடக் கொடுக்கிறேன்.

மர விஷயத்தில் மட்டும் நான் கம்பெனிகளின் பக்கம். பக்கத்து வீட்டுப் பெரியவர் ரம்ப ஆலையில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். "ஹார்ட்வுட் பெல்லட் தவிர எதையும் தொடாதே" என்பார். விறகு வெட்டி எரித்த காலத்து ஞானம் அது. பச்சை பைன் கட்டையை எரித்தால் புகைபோக்கியில் தார் படியும், வாஸ்தவம். ஆனால் பெல்லட் எந்த மரமானாலும் ஒரே மாதிரி காய்ந்துதான் வருகிறது. பிசினும் லிக்னினும் அதிகமுள்ள மென்மரம் எடைக்கு எடை கொஞ்சம் கூடுதலாகவே சூடு தரும். ஹார்ட்வுட் என்று கொட்டை எழுத்தில் போட்டால் விற்கிறது என்பதால் போடுகிறார்கள். தப்பு வாங்குகிறவன் பக்கம்.

அவர்கள் கஷ்டத்தையும் சொல்லியாக வேண்டும். மரத்தூள் என்பது ரம்ப ஆலையின் மிச்சம். 2008-ல் வீடு கட்டுவது படுத்தபோது மரம் அறுப்பதும் படுத்தது, தூளுக்கு எங்கே போவார்கள்? ஆயில் விலை ஏறினால் எல்லாருக்கும் பெல்லட் வேண்டும். 2014-15 குளிர்காலத்தில் இங்கே கடை கடையாக அலைந்தாலும் மூட்டை கிடைக்கவில்லை, ஆளுக்கு இத்தனைதான் என்று ரேஷன் வைத்தார்கள். அடுத்த வருஷமே ஆயில் மலிந்து, குளிரும் குறைந்து, சரக்கு தேங்கியது. மே மாசத்திலேயே மூன்று டன்னுக்கும் பணம் கட்ட நான் தயார். ஆனால் மே மாசத்தில் நான் எரித்துப் பார்த்த அதே சரக்குதான் அக்டோபரில் வரும் என்று எழுதிக் கொடுக்க யாரும் தயாராக இல்லை.

இதையெல்லாம் ஒரு கம்பெனிக்கு நாலு பக்கக் கடிதமாக எழுதிப் போட்டேன். தூளை ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டு, எடையையும் எழுதி இணைத்தேன். மூன்று வாரம் கழித்து ஒரு பார்சல் வந்தது. வாடிக்கையாளரின் அன்புக்கு நன்றி என்று ஒரு கார்டு. கூடவே, கம்பெனி பெயர் பின்னிய ஒரு கம்பளிக் குல்லா.

மனைவி அதை என் தலையில் மாட்டி, இரண்டு அடி பின்னால் போய் நின்று பார்த்தாள்.

"நல்லாத்தான் குல்லா போட்டிருக்காங்க!"

சும்மா சொல்லக்கூடாது, நல்ல கம்பளி. அடுப்பு அணைகிற ராத்திரிகளில் காதை மூடிக்கொள்ள வசதியாக இருக்கிறது.