மே மாதத்துக் கடிதங்கள்

"நாலு வருஷம் போயிட்டு தம்பி, இனி அவங்களுக்குக் கேக்க ஏலாதானே?" பெரியநீலாவணையிலும் பக்கத்து மருதமுனையிலும் கைத்தறிச் சாரம் விற்பவர்களுக்கு வருமான வரிக் கணக்குப் பார்க்கிற எனக்கு இது பழகிய கேள்வி. பாதி சரி. அந்தப் பாதியை நம்பித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

இலங்கையில் காலத்தடை இருப்பது மதிப்பீட்டுக்கு. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம், விபரத்திரட்டைக் கொடுத்த நாளிலிருந்து 4 வருடத்துக்குள் மதிப்பீட்டைத் திருத்த விட்டது. 2021 திருத்தம் அதை 30 மாதமாகக் குறைத்தது. நவம்பர் 30இல் கொடுத்தவருக்கு மே கடைசியில் கெடு முடியும். ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் வரும் இறைவரித் திணைக்களக் கடிதத்தை அன்றைக்கே உடைத்துவிடுவேன். மீளாய்வு கேட்க 30 நாள்தான். முதலில் தேடுவது, கணக்கை ஏற்காததற்குக் காரணம் எழுதியிருக்கிறதா என்பதை. காரணம் சொல்லியாக வேண்டும் என்று அன்றைய சட்டத்தின் கீழ் உயர் நீதிமன்றம் 1982இல் தீர்த்தது. அந்த வழக்கின் வரியிறுப்பாளர் ஓர் இஸ்மாயில் என்பதில் எங்கள் ஆட்களுக்குத் தனிச் சந்தோசம்.

விபரத்திரட்டே கொடுக்காதவருக்கு இந்தக் கெடு தொடங்குவதே இல்லை. மோசடி என்றால் எந்த வருடத்துக் கோப்பையும் திறக்கலாம். அதனால் கொடுத்ததற்கான அத்தாட்சியை லாபக் கணக்கைவிடப் பத்திரமாக வைப்பேன்.

மதிப்பிட்டு உறுதியான வரியோ வேறு சாதி. 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் சாதாரணக் கடன்களுக்குக் கெடு வைத்தது. முடியின் உரிமையை அதன் 15ஆம் பிரிவு விலக்கிவைத்தது. அமெரிக்காவில் மதிப்பிட்டு 10 வருடம் போனால் பெரும்பாலும் அறவிட முடியாது. இங்கே பழைய நிலுவைகளைக் கையாள 2010இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. 2004 சுனாமி இந்தக் கரையோரத்தில் பில் புத்தகங்களைக் கொண்டுபோனது. கொழும்பிலிருந்த நிலுவைப் பதிவுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இறந்தவரின் நிலுவையும் அப்படித்தான். ஜனாஸாவில் வாரிசு எழுந்து, மையித்துக்குக் கடன் கொடுத்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள் என்பார். திணைக்களத்திலிருந்து யாரும் அங்கே வருவதில்லை. கடிதம் பிறகு வரும். ஆகவே சொத்தைப் பிரிக்குமுன் வாப்பாவின் பழைய வரிக் கோப்பைக் கொண்டுவரச் சொல்வேன். மகன்மார் முகம் சுளிப்பார்கள். மருமகன்மார் இன்னும் அதிகம்.