திட்டத்துக்கு எப்படி மார்க்ஸ் போடுவது?

மகள், விசேட கல்வி அலகுக்கு நியமனக் கடிதம் வந்த அன்றைக்கே, "பெரியம்மா, தனியாள் கல்வித் திட்டத்துக்கு மாதிரி ஏதாவது வைத்திருக்கிறீங்களா?" என்று கேட்டாய். படிவத்தை வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டு வாங்கலாம். அதை நிரப்புவதும் பெரிய வித்தையில்லை. நிரப்பியது உருப்படியானதா என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. கண்டியிலும் சுற்றியுள்ள தோட்டப் பாடசாலைகளிலும் நான் படிப்பித்த காலமெல்லாம் அதிலேயே போனது.

திட்டம் எழுதுவதற்கு முன் பிள்ளையின் காதையும் கண்ணையும் பார். கலஹா பக்கத்துப் பாடசாலை ஒன்றில் கடைசி வாங்கில் ஒரு சிறுமி இருந்தாள். மந்தம் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். முகத்தைப் பார்த்துக் கேட்டால் பதில் சொல்வாள். கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று கேட்டால் பேசாமல் இருப்பாள். வாயசைவைப் பார்த்துத்தான் பாதியைப் பிடித்திருக்கிறாள். காதில் சீழ். பேராதனை வைத்தியசாலைக்குக் கூட்டிப்போய் மருந்தெடுத்து, முன் வாங்கில் இருத்தியதும் பாதிப் பிரச்சினை முடிந்துவிட்டது. முதலாம், நான்காம், ஏழாம், பத்தாம் ஆண்டுகளில் நடக்கும் பாடசாலை மருத்துவப் பரிசோதனை இதற்காகத்தான். அன்றைக்கு வராத பிள்ளைகளின் பெயரை எழுதி வைத்துக்கொள். நமக்கு வேண்டிய பிள்ளை பெரும்பாலும் அந்தப் பட்டியலில்தான் இருக்கும்.

வைத்தியசாலை அறிக்கை வந்தால் மரியாதையோடு வாசி. ஆனால் பிள்ளையை எந்த நேரத்தில், எந்த மொழியில் பார்த்தார்கள் என்று தாயிடம் விசாரி. ஒரு தடவை, விடியற்காலை பஸ் ஏறி, பசியோடு கிளினிக் வரிசையில் காத்திருந்த ஒரு பையனிடம் சிங்களத்தில் கேட்டார்கள். பக்கத்தில் நின்ற யாரோ தமிழில் மாற்றிச் சொன்னார்கள். அவன் வாயே திறக்கவில்லை. அறிக்கையில் "பேச்சு இல்லை" என்று எழுதியிருந்தது. அதே பையன் லயத்தில் எந்தக் காம்பராவில் யார், யார் வீட்டு மாடு கன்று போட்டது என்று நிறுத்தாமல் ஒப்பிப்பான். டொக்டரைக் குறை சொல்லவில்லை, அவருக்குக் கிடைத்தது அந்த அரை மணித்தியாலம்தான். அடுத்த தடவை போகும்போது வீட்டில் என்ன மொழி, அங்கே என்னென்ன செய்கிறான் என்று நீயே ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தனுப்பு. கிளினிக் கொப்பியையும் கொண்டுபோகச் சொல். எப்போது கழுத்து நின்றது, எப்போது நடந்தான் என்று மருத்துவமாது குறித்து வைத்திருப்பார்.

அறிக்கையில் நுண்ணறிவு இலக்கம் இருந்தாலும் இதே கவனம் வேண்டும். 1905ல் பாரிஸில் உளவியலாளர் அல்ஃபிரட் பினே நுண்ணறிவுச் சோதனையை உருவாக்கியது, எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான். அறிவு மாறாத ஓர் அளவு என்று பேசியவர்களை அவரே கண்டித்தார். நம் ஆட்கள் அந்த இலக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

இனித் திட்டத்துக்கு வருவோம். "கவனம் மேம்படும்", "சமூகத்திறன் வளரும்" என்றெல்லாம் எழுதாதே. மேம்பட்டதா இல்லையா என்று யார், எதைப் பார்த்துச் சொல்வது? "கதை சொல்லும்போது ஐந்து நிமிடம் பாயில் இருப்பான். எழும்பினால் ஒரு தடவை தோளைத் தொட்டதும் திரும்ப இருப்பான்" என்று எழுது. பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து பார்த்தாலும் ஆம், இல்லை என்று சொல்ல முடிய வேண்டும். அதற்கு நேர் எதிரே நீ செய்யப்போவதையும் அதே அளவு துல்லியமாக எழுது: தினமும் காலையில் இருபது நிமிடம், தனியாக, படக் கதையோடு.

இந்த இரண்டாவது பகுதியைத்தான் யாரும் சோதிப்பதில்லை. தவணை முடிவில் பையன் இரண்டு நிமிடம்தான் இருக்கிறான் என்றால் "முன்னேற்றம் போதாது" என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த இருபது நிமிடம் எத்தனை நாள் கிடைத்தது? ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வகுப்புக்கு ஆளில்லை என்றால் முதலில் இழுப்பது விசேட கல்வி டீச்சரைத்தான். பரீட்சை முடிந்ததும் கேட்டில் பெனர் கட்டுவார்கள். விசேட கல்விப் பிள்ளைகள் இழந்த காலைகள் எந்தக் கணக்கிலும் வராது. ஆகவே டயரியில் குறி: இன்று கொடுத்தேன், இன்று கொடுக்கவில்லை, காரணம் இது. கொடுக்காத உதவிக்காகப் பிள்ளைக்கு மார்க்ஸ் குறைக்காதே. அதிபர் முன்னால் அந்த டயரியை விரித்து வைப்பதற்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும், அதை நான் மறைக்கவில்லை.

அடுத்தது, திட்டத்தை எப்போது திருப்பிப் பார்ப்பது என்ற கேள்வி. இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வாரத்துக்குள் திட்டம் கையில் வர வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவையாவது மீளப் பார்க்க வேண்டும். பெற்றோருக்குத் திருப்தியில்லை என்றால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அமெரிக்காவில் 1975லேயே தனியாள் திட்டம் சட்டமாகிவிட்டது. நம்முடைய 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், குறைபாட்டைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் சேர்க்க மறுக்கக் கூடாது என்கிறது. அது பெரிய பிடிமானம்தான், வாசலில் யாராவது தடுத்தால் எடுத்துக் காட்டு. ஆனால் உள்ளே வந்த பிள்ளைக்குத் தவணைக்கு ஒரு தடவை திட்டத்தைத் திருப்பிப் பார்ப்பதற்கு நீயேதான் நாள் குறிக்க வேண்டும். வருடம் முழுக்கக் காத்திருந்தால் எட்டு வயது ஒன்பதாகிவிடும்.

அந்த நாளைக் குறிக்கும்போது ஒன்றைக் கவனி. வேலை நாளில் தாயைக் கூப்பிட்டால் அவளுக்கு ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போகும். வரவில்லை என்றால் "பெற்றோருக்கு அக்கறையில்லை" என்று கோப்பில் எழுதுவதற்கு ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். போயா தினத்தில் நீயே தோட்டத்துக்குப் போ. கோப்பைப் பையிலேயே வைத்துக்கொண்டு, போன தவணையில் செய்யாத எதைப் பிள்ளை இப்போது வீட்டில் செய்கிறான் என்று தாயிடமும் பாட்டியிடமும் கேள். தானே சட்டைப் பொத்தான் போடுகிறான், கடைக்குப் போய் மிச்சக்காசு கொண்டுவருகிறான் என்று சொன்னால், அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள். அடுத்த தவணைத் திட்டத்தின் முதல் வரி அங்கிருந்து வரட்டும்.