மூக்கின் மேல் கரும்புள்ளி

சரும நோய் மருத்துவத்தைத் தொழிலாகக் கொண்டு கோயம்புத்தூரில் பல்லாண்டுகள் கழித்துவிட்ட எனக்கு, மற்ற நோய்களைப் பற்றி எத்தனையோ சந்தேகங்கள் இன்னும் தீராமல் இருந்தபோதிலும், மூக்கின் மேல் தோன்றும் கரும்புள்ளியைப் பற்றி மட்டும் அசைக்க முடியாத அபிப்பிராயம் ஒன்று உண்டு. அந்தப் புள்ளி மனிதருக்குச் செய்யும் தீங்கு சொற்பம். அதை அழுக்கு என்று நம்பி அவர்கள் தம் முகத்துக்குத் தாமே செய்துகொள்ளும் தீங்கோ பெரிது. கல்லூரி மாணவிகளும், முகூர்த்தம் குறித்த பிறகு அவசரமாக ஓடிவரும் மணமக்களும், பட்டறைகளில் லேத்து ஓட்டும் இளைஞர்களும் என் எதிரே வந்து உட்காரும்போது, பெரும்பாலோருடைய நாசி நுனி ஏற்கெனவே சிவந்து, தோல் உரிந்து, தொட்டால் எரியும் நிலையில் இருக்கும். எலுமிச்சை மூடியில் சர்க்கரையைத் தொட்டுத் தேய்த்திருப்பார்கள். பற்பசையைப் பூசிக் காயவிட்டிருப்பார்கள். சமையல் சோடாவைக் குழைத்து அப்பியிருப்பார்கள். எதற்கும் மசியாதபோது நகத்தையோ ஊக்கையோ கையில் எடுத்திருப்பார்கள்.

"தினம் மூணு வேளை சோப்புப் போட்டுத் தேய்க்கறாளுங்க டாக்டர், அப்பவும் போக மாட்டேங்குதுங்க" என்று ஒரு தாய் தன் மகளைக் காட்டிக் குறைப்பட்டுக்கொண்டாள். "அழுக்கா இருந்தா முதல் நாளே போயிருக்கும்மா" என்று நான் சொன்னதும், அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில் இருந்த ஆறுதல், எந்த மருந்தாலும் அவ்வளவு விரைவில் உண்டாகக்கூடியதன்று. தன்னை யாரோ சுத்தமில்லாதவள் என்று நினைக்கிறார்கள் என்ற எண்ணமே அவளை அதுவரை வாட்டி வந்திருக்கிறது.

விஷயம் இதுதான். முகத்துத் தோலில் அடர்ந்திருக்கும் நுண்ணிய மயிர்க்கால் ஒவ்வொன்றோடும் எண்ணெய்ச் சுரப்பி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. முகத்திலும் உச்சந்தலையிலும் சதுர சென்டிமீட்டருக்கு 400 முதல் 900 வரை இச்சுரப்பிகள் உண்டென்று கணக்கிட்டிருக்கிறார்கள். மூக்கில் அவை உருவத்திலும் பெரியவை. சுரப்பியின் உயிரணுக்கள் தம்முள் கொழுப்பை நிரப்பிக்கொண்டு, முடிவில் தாமே சிதைந்து எண்ணெயாகி, மயிர்க்காலின் குழாய் வழியே மேலேறித் தோலுக்கு மெருகூட்டுகின்றன. பருவமடையும் வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்களின் தூண்டுதலால் இந்த எண்ணெய் பெருகுகிறது. அதே சமயம், குழாயின் வாய்ப்புறத்துச் சுவரிலிருந்து தனித்தனியே உதிர்ந்து வெளியேற வேண்டிய அணுக்கள் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு உள்ளேயே தங்கிவிடுகின்றன. அடைப்பு உண்டாகிறது. வாய் குறுகியிருந்தால், அது தோலின் நிறத்திலேயே சிறு முண்டாக மூடிக்கிடக்கும். வாய் விரிந்திருந்தால், அடைப்பின் தலை காற்றுக்கு வெளிப்பட்டுக் கறுத்துவிடும். கறுப்பது தலை மாத்திரமே. பிதுக்கி எடுத்துப் பார்த்தால் கீழ்ப்பகுதி முழுவதும் மெழுகைப்போல் மஞ்சள் கலந்த வெண்மையாகவே இருக்கும். அக்கறுப்புக்குக் காரணம், உதிர்ந்த அணுக்களுக்குள்ளேயே இருக்கும் மெலனின் என்னும் நிறமியும், கொழுப்பு பிராணவாயுவோடு கலந்து நிறம் மாறுவதுமேயன்றி, தெருப்புழுதியன்று. நம் தலைமயிரைக் கறுப்பாக வைத்திருக்கும் அதே நிறமியைச் சோப்பினால் கழுவிவிட முடியும் என்று யாரும் நினைப்பதில்லை.

இங்ஙனம் இருக்க, ஓயாத சோப்பினால் விளைவதென்ன? ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத் தன்மை கொண்டது. சாதாரணக் கட்டிச் சோப்போ காரம் மிகுந்தது. மேலும் மேலும் அதைத் தேய்க்கத் தேய்க்கத் தோலின் காப்புறை நலிந்து, வறட்சியும் எரிச்சலும் மிஞ்சுகின்றன. உள்ளே இருக்கும் அடைப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. எலுமிச்சைச் சாறு இன்னும் கொடியது. அதைப் பூசிக்கொண்டு வெயிலில் சென்றவர்களின் முகத்தில் புண்பட்டுப் பிறகு கருந்தழும்பு படர்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

சிகிச்சையின் முதற்படி பார்ப்பதுதான். இந்தத் தொழிலில் கைத்திறமையைக் காட்டிலும் கண்ணின் நிதானமே மேலானது என்பது என் எண்ணம். நல்ல வெளிச்சத்தில், உருப்பெருக்கும் கண்ணாடியை வைத்துக்கொண்டு நாசியைப் பார்த்தால், கரும்புள்ளி என்று வந்தவர்களில் மிகப் பலருக்குக் கரும்புள்ளியே இல்லை என்பது புலனாகும். அவர்களுக்கு இருப்பவை எண்ணெய் இழைகள். ஒரே அளவாய், ஒரே இடைவெளியில், சாம்பல் நிறத்தில், தோலோடு சமமாகப் படிந்து, மூக்கின் இரு சரிவுகளிலும் வரிசையாக நிற்பவை. எண்ணெய் மேலேறி வரும் இயற்கையான வழி அது. அழுத்தினால் நூல் போன்ற மெல்லிய இழை வெளிவரும். ஏறக்குறைய ஒரு மாதத்துக்குள் மறுபடி நிரம்பிவிடும். கரும்புள்ளியோ சற்றுத் தூக்கலாக, கருமை திட்டவட்டமாக, ஒன்று இங்கும் மற்றொன்று அங்குமாக ஒழுங்கின்றி நிற்கும். 1990களில் ஜப்பானிலிருந்து புறப்பட்டு உலகெங்கும் பரவிய ஒட்டுப்பட்டையை நனைத்து மூக்கில் ஒட்டி உரித்தெடுப்பவர்கள், அதில் முள்முள்ளாக நிற்கும் இழைகளைக் கண்டு பூரித்துப்போகிறார்கள். பிடுங்கப்பட்டவற்றில் பெரும்பகுதி, பிடுங்க வேண்டிய அவசியமே இல்லாதவை. நோயல்லாத ஒன்றுக்கு நான் மருந்து எழுதுவதில்லை. கட்டணம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவதில் சிலருக்கு வருத்தம் உண்டாகிறது என்பதை அறிவேன். ஆயினும் இதில் நான் இணங்குவதற்கில்லை.

நடுவயது கடந்தவர்களிடம் இன்னொரு மாறுதல் காணப்படும். அவர்களுடைய மூக்கில் உள்ள புள்ளி, பார்வைக்குக் கரும்புள்ளியைப் போலவே இருந்தாலும், விரலால் வருடினால் நுண்ணிய முள் போல் உறுத்தும். அதை மெல்ல வெளிக்கொணர்ந்து, கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஒரு துளி விட்டு, மேற்பொதி இளகும்வரை காத்திருந்து நுண்ணோக்கியில் பார்த்தால், மேல்நுனி கூராகவும் அடி ஒன்றுசேர்ந்தும் உள்ள பூனைமயிர்கள் ஒரு கட்டாக அடுக்கப்பட்டிருப்பது தெரியும். ஒரே மயிர்க்காலிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக முளைத்த மயிர்கள், உதிராமல் ஒரே உறைக்குள் சிக்கிக்கொண்டவை அவை. ட்ரைக்கோஸ்டாஸிஸ் ஸ்பைனுலோஸா என்று இதற்குப் பெயர். பிதுக்கினாலும் களிம்பு பூசினாலும் திரும்பத் திரும்ப வரும். மயிரை வேரோடு அடக்கும் லேசர் சிகிச்சையே இதற்கு நிலைத்த பயன் தருவது. வந்தவர்களையும் சில சமயம் அழைத்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுவேன். தம் மூக்கில் அழுக்கு இல்லை, மயிர்க்கட்டு இருக்கிறது என்று கண்ணால் கண்ட பிறகு, அவர்கள் ஊக்கைத் தொடுவதில்லை.

இனி உண்மையான கரும்புள்ளியைக் கையால் எடுப்பது பற்றி. முகத்தைக் கழுவி, வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியைச் சில நிமிஷங்கள் மூக்கின் மேல் போட்டு வைக்கிறேன். ஆவி பிடித்தால் துவாரம் திறக்கும், குளிர்ந்த நீர் பட்டால் மூடும் என்று பலர் நம்புகிறார்கள். திறக்கவும் மூடவும் அத்துவாரத்துக்குத் தசை எதுவும் கிடையாது. வெப்பத்தால் உள்ளிருக்கும் மெழுகு இளகும், அவ்வளவே. பிறகு ஸ்பிரிட்டினால் துடைத்து, இடது கையின் இரு விரல்களால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, நுனியில் வளையம் உள்ள கருவியை, கரும்புள்ளி வளையத்தின் நடுவில் வரும்படி வைத்து, நேர் கீழ்நோக்கி மெதுவாக அழுத்துகிறேன். பக்கவாட்டில் இழுக்கக் கூடாது. இழுத்தால் தோல் சிராயும். சரியான அழுத்தத்தில் அடைப்பு முதலில் அசைந்து கொடுக்கும், பிறகு சட்டென்று முழுசாக வழுக்கி வெளிவரும்; அந்த முதல் அசைவை விரல் உணரக் கற்பதற்குத்தான் மாணவர்களுக்கு நாளாகிறது. மூடியிருக்கும் முண்டானால் மெல்லிய ஊசி நுனியால் வாயைச் சற்றே கீறிவிட்ட பிறகே அழுத்த வேண்டும். இரண்டு முறை மென்மையாக முயன்றும் வராததை விட்டுவிடுகிறேன்.

விட்டுவிடுவதற்குக் காரணம் உண்டு. மூர்க்கமாக அழுத்தும்போது அடைப்பு மேலே வருவதற்குப் பதிலாக மயிர்க்காலின் சுவர் உட்புறம் கிழிந்து, எண்ணெயும் அணுக்களும் கிருமிகளும் தோலின் ஆழத்தில் கொட்டிவிடுகின்றன; நேற்றுவரை வலியற்ற புள்ளியாக இருந்தது மறுநாள் சிவந்து வீங்கிய பருவாகிறது. நம்மைப் போன்ற மாநிறத்தவருக்கும் கறுத்தவருக்கும் அந்த அழற்சி அடங்கிய பின்னும் கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். மேலும், மூக்கிலிருந்தும் மேலுதட்டிலிருந்தும் புறப்படும் இரத்த நாளங்கள் கண்குழி வழியே மண்டைக்குள் உள்ள பெரு நாளத்தோடு தொடர்புடையவை. ஆகையால் அவ்விடத்தில் சீழ் வைத்த பருவைப் பிதுக்கிக் கிருமியை உள்ளே செலுத்துவது, மிக அபூர்வமாகவே ஆயினும், உயிருக்கே அபாயமாகிவிடக்கூடும். திருமணத்துக்கு முதல் நாள் வந்து மூக்கைச் சுத்தம் செய்யச் சொல்லும் மணமகளை இந்தக் காரணங்களால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஆனால் எடுப்பது சிகிச்சையில் பாதிகூட ஆகாது. கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால், நுண்ணோக்கியில் மட்டுமே தெரியக்கூடிய ஆரம்ப அடைப்புகள் உருவாகிக்கொண்டிருக்கின்றன. அவற்றைத் தடுக்காமல் மேலே வந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தால் காரியம் முடிவதே இல்லை. எளிய மருந்து சாலிசிலிக் அமிலம். எண்ணெயில் கரையும் குணமுடையதாதலால் எண்ணெய் நிறைந்த குழாய்க்குள் அது நுழைந்து, பற்றிக்கொண்ட அணுக்களைப் பிரித்துவிடும். 2 சதவீதத்துக்கு மேற்படாத பூச்சு வீட்டில் உபயோகிக்கப் போதும். அதனினும் வலியது வைட்டமின் ஏ வழிவந்த ரெட்டினாய்டு களிம்பு. இவ்வகையைச் சேர்ந்த ட்ரெட்டினாய்ன் முகப்பருவுக்கு நல்ல மருந்து என்று ஆல்பர்ட் கிளிக்மன் என்ற சரும மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1969ஆம் ஆண்டில் எழுதினார்கள். 1990களில் எரிச்சல் குறைந்த அடாபலீன் வந்தது. கிளிக்மனின் ஆராய்ச்சிகளில் பல பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகளின் தோல்மீது நடத்தப்பட்டவை என்பதையும், அவர்களில் எத்தனையோ பேர் தமக்கு என்ன செய்யப்படுகிறது என்று சரியாக அறியாமலே தம் உடம்பைக் கொடுத்தார்கள் என்பதையும், இக்களிம்பை எழுதும் மருத்துவர் மறந்துவிடலாகாது என்று நான் கருதுகிறேன்.

ரெட்டினாய்டு களிம்பைப் பூசும் முறையில்தான் பெரும்பாலோர் பிசகுகிறார்கள். இரவில், முகத்தைக் கழுவி நன்றாக உலரவிட்ட பிறகு, முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு போதும். புள்ளி இருக்கும் இடத்தில் மாத்திரம் தொட்டு வைப்பதால் பயனில்லை. மூக்கின் இரு பக்கத்து மடிப்பில் களிம்பு தேங்கி எரியும்; ஆகவே அங்கே முதலில் சிறிது வாசலைனைத் தடவிக்கொள்ளச் சொல்லுகிறேன். முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள். தோல் பழகிய பிறகு தினந்தோறும். ஆரம்ப வாரங்களில் தோல் உரியும். சிலருக்குப் பருக்கள் அதிகமானாற் போலவும் தோன்றும். எட்டு வாரம் முதல் பன்னிரண்டு வாரம் பொறுத்தால்தான் பலன் தெரியும். கர்ப்பிணிகளும் கர்ப்பத்தை எதிர்பார்ப்பவர்களும் இதைத் தொடவே கூடாது. பகலில் வெயில் தடுப்புப் பூச்சு அவசியம்.

மருந்துக் கடைக்காரரோ அண்டை வீட்டாரோ கொடுக்கும் 'வெளுக்கும் கிரீம்' பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவற்றில் பல ஸ்டிராய்டு கலந்தவை. முதல் வாரம் முகம் பளபளக்கும், பிறகு தோல் மெலிந்து, நாளங்கள் சிவப்புக் கோடுகளாகத் தெரிந்து, புதிதாகப் பருக்கள் கிளம்பும். 2018ஆம் ஆண்டில் மத்திய அரசு இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதென்று பட்டியலில் சேர்த்தது. விற்பனை இன்னும் ஓயவில்லை என்பதை என் அறைக்கு வரும் முகங்களே சொல்லுகின்றன.

எங்கள் ஊரின் பட்டறைகளில் வேலை செய்வோருக்கு வேறொரு காரணம் சேர்ந்துகொள்கிறது. இரும்பைக் கடையும்போது சூடு தணிக்க ஊற்றும் எண்ணெய் தெறித்து மயிர்க்கால்களை அடைக்கும். கையைத் துடைக்கத் திருப்பூரிலிருந்து வரும் பனியன் வேஸ்ட் என்னும் கழிவுத் துணியை அருகில் வைத்திருப்பார்கள்; வியர்வை வழிந்தால் அதே துணியால் நெற்றியையும் மூக்கையும் துடைத்துக்கொள்வார்கள். "வேற எதுலீங்க துடைக்கறது?" என்று ஓர் இளைஞர் என்னைக் கேட்டார். முகத்துக்கென்று தனியாக ஒரு துண்டைத் தோளில் போட்டுக்கொள்ளச் சொன்னேன். களிம்பு பாதியும் துண்டு பாதியுமாக அவருக்குக் குணம் உண்டாயிற்று. தலைக்குத் தேய்க்கும் எண்ணெயும் இவ்வகையில் ஆராயத் தக்கது. எண்ணெய்க் குளியலை நான் விலக்குபவன் அல்லன். தேய்த்துச் சற்று நேரம் ஊறிச் சீயக்காய் போட்டு அலசிவிட்டால் கெடுதல் இல்லை. இரவு முழுவதும் தலை நிறைய எண்ணெயோடு படுத்து, அது நெற்றியிலும் முகத்திலும் வழியவிடுவதே கூடாது.

குழந்தைகளைப் பற்றிப் பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. எட்டு, ஒன்பது வயதிலிருந்தே நெற்றியிலும் மூக்கிலும் சில கரும்புள்ளிகள் தோன்றுவது பருவ வளர்ச்சியின் முதல் அறிகுறியாக இருக்கலாம்; சிவந்த பருக்கள் வருவதற்கு முந்திய அந்தப் பருவத்தில் மென்மையான கழுவுநீரும், தேவையானால் இலேசான களிம்பும் போதும். ஆனால் ஒரு வயதுக்கு மேல் ஏழு வயதுக்குள் உள்ள குழந்தைக்குக் கரும்புள்ளிகள் வருமானால், அது சாதாரண விஷயமன்று; உடம்பில் எங்கோ ஆண்ட்ரோஜன் காலத்துக்கு முன்பே சுரக்கிறதோ என்று ஆராய வேண்டும். அத்தகைய குழந்தைக்கு நான் களிம்பை எழுதித் தந்து அனுப்பிவிடாமல், உயரத்தையும் எடையையும் அளந்து, எலும்பின் வயதை அறியக் கை எக்ஸ்ரே எடுத்து, ஹார்மோன் நிபுணருக்கு அன்றே சீட்டு எழுதிக் கொடுக்கிறேன்.